நடுவாந்தர மருந்து கிடைக்காத ஊர்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், நிறைந்த நெல் மூட்டையை யாரோ மண்தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. எமில்டா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். மலை இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறது.

ஏழுவரை ஊரில் மலை அப்படித்தான். இருட்டியதும் ஊரைப் பார்த்து ஒரு அடி வரும். அடிவாரத் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பின்ஜன்னலிலும் ஒரு துப்பாக்கியைத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு ஒரு குண்டு சுட்டால் மலை வந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். ஏதாவது ஒரு வீடு சுடவில்லை என்றால், மற்ற வீடுகளில் பின்வாங்கியதையெல்லாம் சேர்த்துக்கொண்டு அந்த ஒரு கொல்லை வழியாக வரும். மலை ஒன்றுதானே. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் அது வர முடியும்.

தோட்டாவைக் கடையில் வாங்குவது ஏழுவரையில் கௌரவக் குறைச்சல். சுட்ட பித்தளைக் கூட்டைப் புளி போட்டுத் தேய்த்து, அடியில் பொறி தட்டுகிற புது ‘கேப்’ ஒன்றை வைத்து, நகைத் தராசில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமுக்கி, அவரவர் தோட்டாவை அவரவரே அடைத்துக்கொள்ள வேண்டும். எமில்டா படித்த கான்வென்டில் தையலுக்கும் கேக்குக்கும் நடுவே இதையும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு மருந்தை ஒரு கூட்டில் கலக்கவே கூடாது, யார் முந்திப் போவது என்று உள்ளேயே அடித்துக்கொண்டு துப்பாக்கியைக் கிழித்துவிடும் என்பார் சிஸ்டர் யூஃப்ரேசியா. விசையை இழுக்கும் முன் ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொல்லாத பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார்.

புகையில்லா மருந்து மூன்று ரகம். முன்கோபி, விசையில் விரல் வைக்க நினைத்தாலே வெடித்துவிடும். பூனை விரட்டத்தான் லாயக்கு. நிதானம், நீளக் குழல் வைத்திருக்கிற பெரிய வீடுகளுக்கு. எமில்டா வீட்டுத் துப்பாக்கி மாதிரி சாதாரணக் குழலுக்கு நடுவாந்தரம்தான் பொருந்தும். மலிவாகக் கரிமருந்தும் உண்டு. ஆனால் அதில் புகை வரும். மலை அந்தப் புகையைத் தன் மூடுபனி என்று எண்ணி, வீடு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கூட இரண்டு அடி வைத்துவிடும்.

நடுவாந்தரம் ஊரில் எங்கே கேட்டாலும் இல்லை என்றார்கள். முந்தின நாள் வேறு வழியில்லாமல் நிதானத்தை அடைத்துச் சுட்டுப் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் விசையை இழுத்தாள். காலையில் பால் காய்ச்சும்போதுதான் குண்டு புறப்பட்டது. மலை அதற்குள் கிணற்றடிக்கு வந்திருந்தது. தலைக்கு மேலே போன குண்டை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சுட ஒன்றுமே இல்லை. புருஷன் சகாயம் கப்பலில் இருக்கிறான், எந்தக் கடலில் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. பின்ஜன்னலை ஒட்டித்தான் தொட்டில் கட்டியிருந்தது. எமில்டா அதை அவிழ்த்து நடு அறை உத்தரத்தில் கட்டி, விடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பயத்தில் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது.

விடிந்து பார்த்தால் துவைகல்லையும் காணோம். கொய்யா மரம் மலையின் தோளில் ஏறி நின்றது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

“வாங்க தங்கச்சி. பாப்பாவுக்குப் பல்லு வந்துட்டு போலயே.”

“நடுவாந்தரம் இருக்கா அண்ணாச்சி?”

“இருக்கு.”

“இருக்கா?”

“இருக்கு, ஆனா குடுக்க மாட்டேன். மலை இப்ப உங்க வீட்ல எங்க நிக்கி?”

“துவைகல்லத் தாண்டிட்டு.”

அண்ணாச்சி அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். “அப்ப உங்களுக்கு வெல கூடுதலாச்சே. மலை தூரத்துல நிக்கவங்களுக்கு ஒரு வெல, கொல்லைக்கு வந்தவங்களுக்கு ஒரு வெல. அவசரம் உள்ளவங்கதான தங்கச்சி கூடக் குடுப்பாங்க? ஒலகம் பூரா அதான் வழக்கம்.”

“மலை தூரத்துல நிக்கறவங்களுக்கு மருந்து எதுக்கு அண்ணாச்சி?”

“அவங்க வாங்கப்போயித்தான் அது தூரத்துல நிக்கி.”

எமில்டாவுக்குக் காதுமடல் சுட்டது. கான்வென்டில் கோபப்படக் கற்றுக்கொடுக்கவில்லை. “சரி, அந்தக் கூடுதல் விலைக்கே குடுங்க” என்றாள்.

“குடுக்கலாம். கூடவே கரிமருந்து ஒரு டப்பா எடுக்கணும். தனியா நடுவாந்தரம் குடுத்தா எனக்கு மேல இருந்து கேப்பாங்க.”

“கரிமருந்து மலையக் கூப்பிடும் அண்ணாச்சி.”

“கூப்பிடத்தான் செய்யும். அதுக்குத்தான் நடுவாந்தரமும் தாரேன்லா.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதிலுள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டு தலையசைத்தார்கள். எமில்டா கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ஒரு டப்பாவுக்கே போதாது. பிள்ளை கடையின் தராசைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இறங்கி நடந்தாள். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மலை வருகிறது, அதைப் பார்த்து விலையைக் கூட்டுகிறான், இவனுக்கு வரிசையில் நின்று வணக்கம் வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த வீட்டு ஞானதீபம் மதினி கட்டிலுக்கு அடியில் நடுவாந்தரம் டப்பாக்களைப் புடவை மடிப்பதுபோல் அடுக்கி வைத்திருந்தாள். தூசி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு தோட்டாவுக்கு மட்டும் தாங்க மதினி. அவர் வந்ததும் ரெண்டாத் தாரேன்.”

“ஒடைக்காத டப்பாவா இருந்தாத்தான் எமில்டா அதுக்கு வெல. இது சுடுகதுக்கு வாங்குனது இல்ல, ஏறட்டும்னு வாங்குனது.”

“அப்ப நீங்க எதைச் சுடுதீங்க?”

“நான் எங்க சுடுதேன்? மலை ஒன் வீட்டு வழியா வருதுல்லா, எனக்கு என்னத்துக்கு வீண் செலவு?” மதினி ஒரு டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். “மேல போனதும் ஒங்க கொய்யாவுல ஒரு காயக்கூடக் காணோம், பாத்தியா.”

எமில்டா வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். ஊட்டும்போதே, இந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூட முன்பக்கம் துப்பாக்கி கிடையாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. மலை பின்னாலிருந்துதான் வரும் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். முன்வாசலில் கோலம் மட்டும்தான்.

வாயைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். கூடத்திலிருந்த நாற்காலிகளைச் சுவரோரம் போட்டாள். சாப்பாட்டு மேசையை நிமிர்த்திச் சாய்த்தாள். மாதா படத்தை மட்டும் இடித்துவிடாதபடி கழற்றி வைத்தாள். தொட்டிலை அடுக்களைக்கு மாற்றினாள். பிறகு கொல்லைக்கதவையும் வாசல்கதவையும் நேருக்குநேர் விரியத் திறந்துவைத்து, நிலையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள்.

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. தெருவெங்கும் துப்பாக்கிகள் வெடித்தன. பின்வாங்கிய மலையெல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் கொல்லைப்படியில் வந்து நின்றது.

“எக்ஸ்கியூஸ் மீ” என்றாள் எமில்டா. “வழி நேரா இருக்கு. பிள்ளை தூங்குது, மெதுவாப் போகணும்.”

மலை, கூட்ட நெரிசலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவரைப்போல ஒருக்களித்து உள்ளே வந்தது. முதலில் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சுவரில் உரசாமல் போயின. தேக்கு மரங்கள் குனிந்து போயின. ஓடை, சிமெண்டுத் தரை நனையாதபடி தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனது. கொய்யா மரம் அவளைத் தெரியாததுபோலக் கடந்தது. வனத்துறைச் சோதனைச்சாவடி மேசையோடு போயிற்று. காவலர் மேசைமேல் தலை கவிழ்த்துத் தூங்கிக்கொண்டே போனார். யாரும் எதையும் உடைக்கவில்லை. அண்ணாச்சி கடையில் கிடைக்காத மரியாதை மலையிடம் இருந்தது.

தெருவில் இறங்கியதும் மலை நிமிர்ந்து தோளை விரித்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்து நடந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் அது இறங்கவில்லை. வீடுகளில் துப்பாக்கியைப் பின்ஜன்னலிலிருந்து கழற்றி முன்னால் கொண்டுவர ஓடினார்கள். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஞானதீபம் மதினி உடைக்காத டப்பாக்களை வாசலுக்கு இழுத்துவந்து, எதை முதலில் உடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“எமில்டா, இது என்ன வேல?” என்றாள் அங்கிருந்தே.

“போகுது மதினி, அவ்வளவுதான்” என்றாள் எமில்டா.

மலை முழுக்கப் போய்முடிந்தபின் கொல்லைப்பக்கம் வெறும் வானமாக இருந்தது. அவள் கொல்லைக்கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். படியில் ஒரு சின்னக் குன்று நின்றுகொண்டிருந்தது. கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். உச்சியில் கைக்குட்டை அளவு மூடுபனி. தெருவில் முதல் துப்பாக்கி வெடித்ததும், அது இறங்கக் காலை நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது.

எமில்டா அதன் ஈரமான முதுகைத் துண்டால் துடைத்தாள். “தொட்டில்கிட்ட படுத்துக்கோ, ஆட்டிவிடாதே” என்று உள்ளே தள்ளிவிட்டு, வாசல்கதவைச் சாத்தி, உட்புறமாகத் தாழ்ப்பாள் போட்டாள்.