சும்மா எடுத்த படம்

பட்டப்பகலில், அதுவும் சித்திரை வெயிலில், ஒருவன் லைட் அடித்துப் படம் எடுக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட கில்லாடியாக இருக்க வேண்டும்! அங்காளம்மாவுக்குப் பார்த்தவுடனேயே பொறி தட்டிவிட்டது.

கோவளத்திலிருந்து விடிகாலையில் கூடையோடு வந்து, தாம்பரம் கேம்ப் ரோட்டில் மருந்துக்கடையை ஒட்டிய புங்கமரத்தடியில் பதினேழு வருஷமாக மீன் விற்கிறவள் அவள். அந்த ஆறடி இடந்தான் அவளுக்குச் சோறு போட்டது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது. போன மாசம் கூடுவாஞ்சேரிப் பக்கம் எவனோ ஒருவன் நடைபாதைக் கடைகளை செல்போனில் படம் பிடித்துப் போனானாம். நாலாம் நாள் நகராட்சி லாரி வந்து குடை, கூடை, தராசு என்று சகலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டதாம். கேள்விப்பட்டதிலிருந்து கேமராவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

வந்தவன் பெயர் ஜோஸ்வின். சேலையூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறானாம். பக்கத்தில் கருவாடு விற்கும் துர்காவை முதலில் எடுத்தான். அந்தப் பைத்தியக்காரியும் ஈ என்று இளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்து முடித்துவிட்டு இவள் பக்கம் திரும்பினான்.

"இன்னாத்துக்குபா படம் புடிக்கிறே?" என்றாள் அங்காளம்மா.

"சும்மாதான்க்கா. எனக்கு முகங்கள் எடுக்கப் பிடிக்கும். பிரிண்ட் போட்டு உங்களுக்கும் ஒண்ணு தர்றேன். காசெல்லாம் வேணாம்."

சும்மாவாம்! இந்த ஊரில் கொத்தமல்லிகூடக் காய் வாங்கினால்தான் சும்மா கிடைக்கும். இவன் வேகாத வெயிலில் வேர்த்து ஊற்ற நின்று சும்மா படம் எடுக்கிறானாம், கேட்கிறவள் கேனச்சியா?

"வெயிலு இந்தக் காய் காயுது. அதுக்கு மேல லைட்டு எதுக்கு?"

"வெயில் உச்சியில இருக்குல்லக்கா. கண்ணு, கன்னமெல்லாம் நிழலாயிடும். கொஞ்சமா ஃபிளாஷ் அடிச்சா அந்த நிழல் போயிடும்."

"எங்கண்ணு தெரிஞ்சு உனுக்கு இன்னா ஆவணும்?"

"கண்ணுலதான்க்கா ஃபோகஸ் வைக்கணும். கண்ணு ஷார்ப்பா வந்தாத்தான் அது படம்."

வாய் வாய், எதற்கும் பதில் வைத்திருக்கிறான்! இவன் அந்தப் பெட்டிக்குள் என்னதான் பிடிக்கிறான் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, "சரி, ஒண்ணே ஒண்ணு எடு" என்று உட்கார்ந்தாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள்.

முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால்? மரம், குடை, கூடை, அருவாமனை, மருந்துக்கடை போர்டு, போர்டில் கதவு நம்பர் வரைக்கும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. லாரிக்காரனுக்கு வழி கேட்கிற வேலைகூட இல்லை.

"புடிச்சேன் பாத்தியா! இத்த அழி. எங்கண்ணு முன்னாலயே அழி. வேணும்னா எம்மூஞ்சிய மட்டும் எட்த்துக்கோ. பின்னால ஒரு எழவும் தெரியக்கூடாது."

ஜோஸ்வின் உடனே அழித்தான். லென்ஸில் எதையோ திருகி, கிட்டே வந்து, மறுபடி ஒன்று எடுத்துக் காட்டினான். கண்ணிமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் பச்சையும் நீலமுமாகக் கலங்கிக் கிடந்தது. மரமும் இல்லை, போர்டும் இல்லை, தாம்பரமே இல்லை.

"ஆங், இது படம்" என்றாள். அவன் போனதும் துர்காவிடம், "டபாய்க்கப் பாத்தான். உட்டுடுவனா?" என்று அன்று பூராவும் பெருமை பேசினாள்.

அடுத்த வாரம் சொன்னபடி இரண்டு பேருக்கும் பிரிண்ட் வந்தது. தன் முகம் இவ்வளவு லட்சணமா என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் படத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறானா என்று பார்க்கத் தவறவில்லை.

இருபது நாள் கழித்து மாநகராட்சியின் அறிவிப்பு வந்தது. நடைபாதை வியாபாரிகளுக்கு அடையாள அட்டை தரப்போகிறார்கள். அட்டை இருந்தால் யாரும் கிளப்ப முடியாது, இல்லையென்றால் இடம் போச்சு. அட்டை வேண்டுமானால் அவரவர் இடத்தில் வியாபாரம் செய்கிற படம் காட்ட வேண்டும், அதுவும் அறிவிப்புக்கு முன்னால் எடுத்த படம்.

சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி தனசேகர், துர்காவின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முத்திரை குத்தினார். அங்காளம்மாவின் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"முகம் ஜோரா இருக்கும்மா. இடம் எங்க?"

"பின்னால கீது சார். நல்லா பாரு."

"பின்னால பச்சையா என்னமோ இருக்கு. இது கேம்ப் ரோடா, ஊட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்காளம்மா துர்காவின் போனில் ஜோஸ்வினைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மொத படம் இன்னும் வச்சிகினு கீறியா?" என்று கெஞ்சினாள்.

"நீங்கதானேக்கா அழிக்கச் சொன்னீங்க" என்றான் அவன். அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

துர்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன் படத்தை மறுபடி மேஜைமேல் வைத்தாள். "சார், இத்த பாருங்க. எனக்குப் பின்னால யக்கா குந்திகினு கீது. அதே எடம்தான் சார்."

தனசேகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். புங்கமரம் இருந்தது, போர்டு இருந்தது, கூடையும் அருவாமனையும் இருந்தன. கூடைக்குப் பின்னால் ஒரு பொம்பளை, மீன் தட்டை இரண்டு கையாலும் தூக்கி முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா இது?"

"நான்தான் சார்."

"நீதான்னா எதுக்கு மூஞ்சிய மறைக்கணும்?" அவர் இப்போது படத்தை விட்டுவிட்டு அவளையே ஏற இறங்கப் பார்த்தார். "நான்தான்னு யார் வேணா வந்து சொல்லலாமே?"

அங்காளம்மா தன் படத்தை மேஜையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இப்டித்தான் சார் புடிச்சிகினு இருந்தேன். கைய பாரு சார், அதே கைதான்!" என்று அதற்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

"அடுத்தது யாரு?" என்றார் தனசேகர்.