கந்தோர் வாசலில் முழுவியளம்

"மச்சாள், நீங்கள் இப்ப வெளிக்கிட வேண்டாமாம்."

சேலைக் கரையை இஸ்திரி செய்துகொண்டிருந்த சுபோதினி நிமிர்ந்தாள். அறை வாசலில் தம்பியின் மனைவி நிஷாந்தினி நின்றாள். அவளுடைய பார்வை சுபோதினியின் முகத்தில் இல்லை. மேசையில் விரிந்து கிடந்த நீலப் பட்டில் இருந்தது. குளியலறைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. தம்பி கார்த்திகன் அங்கேதான் இருந்தான். முந்திய இரவு வந்த செய்தியை அக்காவிடம் சொல்லத் துணிவில்லாமல், அதை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான்.

"ஆர் சொன்னது?"

"உங்கட முதலாளியின்ர தாய், பத்மாவதி அம்மா. ராத்திரி இவருக்குப் போன் அடிச்சவவாம். புதுக் கந்தோரில பால் காய்ச்சி முடியட்டுமாம், ஒன்பது மணிக்குப் பிறகு வந்தால் போதுமாம். குறை நினைக்க வேண்டாமாம்." நிஷாந்தினி சற்றுத் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியாததே, மச்சாள்?"

தெரியும். நற்காரியத்துக்குப் புறப்படுகிறவன், முதலில் எதிர்ப்படும் முகத்தைக் கொண்டு காரியத்தின் முடிவைக் கணிக்கிறான். யாழ்ப்பாணத்தார் அதற்கு முழுவியளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிறைகுடம் நல்லது, பசு நல்லது, சுமங்கலி நல்லது; கணவனை இழந்தவள் கூடாது. கொழும்புக்கு வந்தவர்கள் வீட்டை விட்டு வந்தார்கள், கிணற்றை விட்டு வந்தார்கள், இதை மட்டும் விட்டு வரவில்லை. வெள்ளவத்தையின் ஏழாம் மாடிக்கு லிப்டில் ஏற்றிக் கொண்டுவந்து, குளிரூட்டிய அறையில் குடிவைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் சரக்கு மீட்டுக்கொடுக்கும் நமசிவாயத்தின் நிறுவனத்தில் சுபோதினி அலுவலக முகாமையாளர். அலுவலக முகாமையாளர் என்றால் யார்? முதலாளி மறப்பதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பவர். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி பழுதாகி நின்றால், சாரதி அழைப்பது அவளை. குளிரூட்டி ஒழுகினாலும், அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கினாலும் அவளைத்தான் தேடுவார்கள். மின்விசிறி யார் பக்கம் சுழல வேண்டும் என்பதில் கணக்காளரும் எழுதுவினைஞரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நடுவில் நின்று சமாதானம் செய்ய வேண்டியவளும் அவளே. நீர்வெட்டு அறிவித்தால் முன்னதாகவே வாளிகளை நிரப்பச் செய்வாள். ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் கேக், ஊழியரின் தகப்பன் இறந்தால் மலர்வளையம்; இரண்டையும் ஒரே குரலில் தொலைபேசியில் சொல்லிவைப்பாள். எல்லோரும் அவளிடம் குறை சொல்ல வருவார்கள். அவள் போய்க் குறை சொல்ல ஒரு கதவு கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தால் ஊழியர்களின் பேச்சு நின்றுவிடும். ஆதலால் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள் கணவர் மாரடைப்பில் இறந்தார். அந்தியேட்டிச் சடங்கு முடித்து வேலைக்குத் திரும்பிய காலையில் நமசிவாயம் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். மனம் நோகும்படி ஒன்றும் சொல்லமாட்டார். அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்த கந்தோரின், அதாவது அலுவலகத்தின், வாசலில் அவளைக் கண்டதும், எதையோ மறந்தவர்போல் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி வந்தார். மறுநாளும் எதையோ மறந்தார். அதற்கடுத்த நாள் சுபோதினி விளங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து காலையில் கந்தோரைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, அவருடைய கார் வரும் ஓசை கேட்டதும் தேநீர் அறைக்குள் போய் நின்றுகொள்வாள். அவர் சுவாமிப் படத்தைக் கும்பிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திய பின்பே வெளியே வருவாள். யாரும் அவளுக்குக் கட்டளையிடவில்லை. தேநீரையும் தண்ணீரையும் ஒழுங்கு செய்ததுபோலத் தன் மறைவையும் அவளே குறைவில்லாமல் ஒழுங்கு செய்தாள். கட்டளையே தேவைப்படாத நாளில் அல்லவா அடிமைத்தனம் முழுமை பெறுகிறது!

இப்போது நிறுவனம் வெள்ளவத்தைக்கு இடம் மாறுகிறது. தச்சரோடும் மின்வேலைக்காரரோடும் சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறி வாதாடி, எந்த மேசை எங்கே நிற்க வேண்டும் என்று சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டு, அந்தப் புதிய கந்தோரை உருவாக்கியவள் அவள். வாசலுக்கு நேரே ஒரு மேசை வைத்திருந்தாள். உள்ளே வரும் எவரும் முதலில் பார்க்கும் மேசை, முகாமையாளருடைய மேசை. திறப்பு நாளில், எல்லோர் முன்னிலையிலும் அதில் உட்கார வேண்டும், அதன்பின் எந்தக் காலையிலும் அதிலிருந்து எழுந்து ஒளியக் கூடாது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். அதற்காகத்தான் இந்த நீலப் பட்டு.

புதிய வாசலுக்கு விரல் வைத்தால் திறக்கும் பூட்டு. நேற்று மாலை அதைப் பொருத்திச் சோதித்தவன் ஒரேயொரு விரலைப் பதிந்துவிட்டு, மற்றவர்களுடையதைத் திறப்பு நாளில் பதியலாம் என்று போய்விட்டான். பதியப்பட்டது சுபோதினியின் பெருவிரல். மாற்றுச் சாவி கந்தோருக்குள்ளேயே, மேசை இழுப்பறைக்குள் இருந்தது. தானே முதலில் வந்து கதவைத் திறப்பதாக அவள் நமசிவாயத்திடம் சொன்னாள். அவரோ பூசை ஒழுங்கு பற்றித் தொலைபேசியில் ஐயரோடு பேசிக்கொண்டே தலையை ஆட்டினார்.

கைபேசி மேசையில் கிடந்தது. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினொரு ஆண்டுகளாக முதலாளி மறந்ததையெல்லாம் நினைவூட்டிய அந்தக் கை, அன்று முதன்முதலாக நீளவில்லை.

"சரி, நான் இப்ப போகேல்லை" என்றாள் நிஷாந்தினியிடம்.

பின்பு அறைக் கதவைச் சாத்திவிட்டு, பட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர் நின்றது. செருப்புச் சத்தம், வாசல் கதவுச் சத்தம். தம்பி வேலைக்குப் போய்விட்டான். சற்று நேரத்தில் நிஷாந்தினியும் போனாள். கடலோர ரயில் கடந்து போகையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. அதன்பின் அந்த வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு ஊர்வலத்துக்கு வேண்டிய அனைத்தையும் செய்து கொடுத்துவிட்டு, ஊர்வலம் போகும் ஓசையைக் கூடக் கேட்க முடியாத தூரத்தில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தனிமையை, நல்ல நேரம் குறித்துக் கொடுப்பவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தார்கள்?

கைபேசி அடித்தது. கந்தோர்ச் சாரதி பிறெடி, கொட்டாஞ்சேனைக்காரன்.

"மிஸ், கதவு திறக்குதில்ல மிஸ். விரல வச்சா இங்கிலிஸ்ல என்னமோ சொல்லுது. சேர் வச்சாச்சு, மேடம் வச்சாச்சு, ஐயரும் சந்தனக் கையோட வச்சுப் பார்த்துட்டார். மெஷினுக்கு ஐயரையும் தெரியாது போல."

"அதுக்கு என்ர விரலை மட்டும்தான் தெரியும், பிறெடி."

"அப்ப கெதியா வாங்க மிஸ்."

"ஒன்பது மணிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கினம்."

கொட்டாஞ்சேனையில் அவள் தேநீர் அறைக்குள் போய் நிற்பதைத் தினமும் கண்டவன் பிறெடி. கைபேசியை முதலாளியிடம் கொடுத்தான்.

நமசிவாயம் கெஞ்சினார். நேரம் போகிறது என்றார். மனைவி ரதி பால் பானையோடு வெயிலில் நிற்கிறாள் என்றார். பின்பு கைபேசியைப் பொத்திக்கொண்டு யாரோடோ பேசிவிட்டுத் திரும்பவும் வந்தார். இம்முறை குரலில் ஒரு சிக்கலைத் தீர்த்த நிம்மதி இருந்தது.

"தங்கச்சி, நீங்கள் வாங்கோ. நாங்கள் எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறம். கதவைத் திறந்துபோட்டுப் பக்கத்து ஒழுங்கையால போங்கோ. குறை நினைக்காதேங்கோ, என்ன?"

அவள் நடந்து போனாள், தூரம் அதிகமில்லை. காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து திரும்பியதும் அந்தக் காட்சியைக் கண்டாள். முதலாளி, அவர் மனைவி, சுபோதினி விடுமுறை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள், அவள் மலர்வளையம் அனுப்பிய வீட்டார், அத்தனை பேரும் மதிலைப் பார்த்து நின்றார்கள். பட்டுச் சட்டைகளின் முதுகுகள், பூச்சூடிய கொண்டைகள், கழுத்துப் பட்டி இறுக்கிய பிடரிகள். தெருவில் போன ஒரு சிங்களப் பெண்மணி, மதிலில் என்ன இருக்கிறது என்று தானும் எட்டிப் பார்த்தாள்.

சற்றுத் தள்ளி ஒரு வான் வண்டி நின்றது. அதன் திரைக்குப் பின்னால் பத்மாவதி இருந்தார். அவரும் கணவனை இழந்தவர்தான். பால் பொங்கும்வரை தானும் இறங்குவதில்லை என்று அங்கேயே அமர்ந்திருந்தார். வழக்கம் தன் காவலாளிகளைத் தன் கைதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது!

சுபோதினி பெருவிரலை வைத்தாள். கதவு திறந்தது. பக்கத்து ஒழுங்கை, அந்தச் சிறு சந்து, அவளுடைய வலப்புறத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளே போனாள். குளிர் வெளியேறாதிருக்கத் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அவளுக்குப் பின்னால் சாத்திப் பூட்டிக்கொண்டது.

உள்ளே ஒருவரும் இல்லை. மெருகு வாசம் மாறாத மேசைகள், பொலித்தீன் உறை கழற்றாத நாற்காலிகள். வாசலுக்கு நேரே அவளுடைய மேசை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்த்துச் சொல்ல ஒருவரும் இல்லாத திறப்பு விழா அவளுடையது.

வெளியே கதவைத் தட்டினார்கள். மீண்டும் தட்டினார்கள். பிறகு நமசிவாயத்தின் குரல் கேட்டது.

அவள் போய்க் கதவைத் திறந்து, ஒரு கையால் பிடித்தபடி, வாசலின் நடுவில் அவர்களுக்கு எதிரே நின்றாள்.

"வாங்கோ" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. நமசிவாயம் தரையைப் பார்த்தபடி, கொஞ்சம் விலகி நிற்கலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

"கையை விட்டால் கதவு சாத்திப்போடும், சேர்."

முதலில் அசைந்தவர் ஐயர். அவருக்குத் தெஹிவளையில் இன்னொரு பூசை இருந்தது. சுபோதினியைக் கடந்து வேகமாக உள்ளே போய், விளக்கு எங்கே என்று கேட்டார். சாத்திரத்தின் வாயே அஞ்சாமல் நுழைந்த இடத்தில் மற்றவர்கள் என்ன செய்வது? ரதி பானையைத் தலைமட்டத்துக்கு உயர்த்தி, முகத்தை அதன் பின்னால் மறைத்தபடி போனாள். ஊழியர்கள் குனிந்து போனார்கள். பிறெடி மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்து, "குட் மோர்னிங் மிஸ்" என்றான். கடைசியாக நமசிவாயம் தம் காற்சப்பாத்தின் நுனியைப் பார்த்தபடி நுழைந்தார்.

பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நமசிவாயத்தின் முதல் உத்தரவு, இன்றே எல்லாருடைய விரலையும் பதிய வேண்டும் என்பது. இனிமேல் வந்து திறந்துவிடும் கரைச்சல் உங்களுக்கு இல்லை என்று கனிவோடு சொன்னார். சுபோதினி வாசலுக்கு நேரே இருந்த மேசையில் உட்கார்ந்து, கணினியைத் திறந்து, முதலில் அவருடைய விரலையே பதிந்தாள். பிறகு சொன்னாள்:

"சேர், நாளைக்குக் காலமை நீங்கள் வரேக்க நான் இந்த மேசையிலதான் இருப்பன்."

அவர் மனைவியைத் தேடிப் பார்த்தார். ஐயரைத் தேடிப் பார்த்தார். "அதை அம்மாவோடதான் கதைக்கோணும்" என்றார்.

"நானே கதைக்கிறன்."

அவள் எழுந்து தெருவுக்கு வந்து வானின் திரைக்கு முன்னால் நின்றாள். கதவு ஒரு முழம் அளவுக்கு விலகியது.

"பொங்கீட்டுதோ, பிள்ளை?" என்று கேட்டார் பத்மாவதி.

"ஓம் அம்மா. கிழக்குப் பக்கமாப் பொங்கினது. இறங்கி வாங்கோ."

"நேரம் இன்னும் முடியேல்லை." கிழவியின் கண்கள் அவளைத் தாண்டிக் கந்தோர் வாசலுக்குப் போய்த் திரும்பின. நடந்தவற்றைத் திரையின் இடுக்கால் அவர் பார்த்திருந்தார். "நாளைக்கு என்ர மகன் வரேக்க நீ முன்னால இருப்பியோ?"

"ஓம் அம்மா. நீங்கள் வேண்டாமெண்டாலும் இருப்பன். வேலையை விட்டு நிப்பாட்டினால்தான் எழும்புவன்."

பத்மாவதி தம் வெறுங் கழுத்தில் கையை வைத்தார். கந்தோருக்குள் யாரோ சிரிக்கும் சத்தமும், பாற்சோற்றுக்குக் கிண்ணங்கள் தேடும் சத்தமும் கேட்டன.

"அவன்ர கலியாணத்தை நான் பாக்கேல்லை, பிள்ளை" என்றார். "குசினியில அடுப்படிக்குள்ள நிண்டு மேளத்தைக் கேட்டனான்."

சுபோதினி கையை நீட்டினாள். கிழவி அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை.

"அப்ப இரு, பிள்ளை" என்றார். "அந்த மேசையில இரு. எழும்பாதை."

ஒன்பது மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பத்மாவதி வானின் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.