கிழக்குப் பர்னர்

கோவை மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டத்தை உண்டாக்கியபோது, எல்லைக்கோடு கருமத்தம்பட்டிக்கு அப்பால் மாசாணத்தின் வீட்டுக்குள்ளே போனது. யாரும் வந்து சொல்லவில்லை. ஓர் ஓடுகூட அசையவில்லை. கோவையில் தூங்கி, திருப்பூரில் குளித்து, குடும்பம் தினமும் மாவட்டம் விட்டு மாவட்டம் போய்வந்தது. பயணப்படி மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இந்த ஆண்டு மகள் இனியாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும்தான் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் கட்டணச் சலுகை; சலுகை இருந்தால்தான் விசைத்தறி ஓட்டும் மாசாணத்தின் மகளுக்குக் காலேஜ். மேற்கேயிருந்த கோவை ஆபீஸ், "சமையல் கட்டு எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று திருப்பி அனுப்பியது. கிழக்கேயிருந்த திருப்பூர் ஆபீஸ், "வாசல் எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்றது. கடைசி நாள் நாளை, மாலை ஐந்து மணி.

கூட்டாய்வுக்கு இரண்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். மேற்குக்காரர் சாய்ப்ரியா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கிழக்குக்காரர் வெங்கடபதி, ஓய்வுக்கு எட்டு மாதம். அவர் வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

"இது ரெண்டு மாவட்டத்து எல்லைப் பிரச்சனையம்மா. நாம தீர்க்க முடியாது. அரசாணை வரோணும்."

"எப்பங்க சார் வரும்?" என்றாள் இனியா.

"வரும்போது வரும், கண்ணு."

சாய்ப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே, மாசாணத்தின் மனைவி பழனியாத்தாளிடம் போனாள். "ஏனுங்க்கா, குடும்பம்னா எங்க ஆபீஸ்ல அடுப்பத்தான் பாப்போம். அடுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் நீங்க. சார், டேப்போட அந்த முனையப் புடிங்க."

வெங்கடபதி வேறு வழியின்றி உள்ளே வந்து குனிந்தார். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துக் கோலமாவால் கோடு போட்டார்கள். கோடு சுவரைத் தாண்டி, சமையல் மேடையில் ஏறி, கேஸ் அடுப்பின் நட்டநடுவே போய் நின்றது. ஒரு பர்னர் கோவை. ஒரு பர்னர் திருப்பூர்.

"பாத்தியாம்மா?" வெங்கடபதியின் முகம் மலர்ந்தது. "நாந்தான் சொன்னேனே, அரசாணை!"

இனியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாசாணம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

சாய்ப்ரியா மட்டும் அடுப்பையே பார்த்தாள். "அக்கா, சோறு எதுல ஆக்குவீங்க?"

பழனியாத்தாளுக்கு நாலு மாதக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க அம்மணி, எதுலன்னு கேட்டா? இருக்கறதே ஒண்ணுதானுங்க. அந்தப் பக்கத்தது அடைச்சுப்போயி நாலு மாசமாச்சு. சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு இந்த மனுசங்கிட்டத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. நாளைக்கு, நாளைக்குங்கறாரு. சோத்த எறக்கித்தான் கொழம்ப வெக்கறனுங்க!"

"எந்தப் பக்கத்தது?"

"கெழக்கால இருக்கறதுங்க."

சாய்ப்ரியா கிழக்குப் பர்னரைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினாள். புஸ்ஸென்ற சத்தம்கூட வரவில்லை. மேற்குப் பர்னர் நீலமாக எரிந்தது.

"சார், உங்க மாவட்டத்துல அடுப்பு எரியலீங்களே."

வெங்கடபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை திருகிப் பார்த்தார். முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் ஆய்வு செய்த முதல் பர்னர் அது. இனியாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரசாணையை மறந்துபோட்டு, தம் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார்: "நேரில் தணிக்கை செய்யப்பட்டது. எங்கள் எல்லையில் அடுப்பு எரியவில்லை. ஆட்சேபணை இல்லை."

கோவையில் கொதித்த டீயை இருவரும் குடித்தார்கள். வெங்கடபதி இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்.

"உங்க ரெண்டு பேரையும் எங்க உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டோமுங்க," என்று பழனியாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க ஊட்டுக்காரரையும் கும்பிட்டுப்போடுங்க்கா," என்றாள் சாய்ப்ரியா. "அவரு மட்டும் சுறுசுறுப்பா இருந்திருந்தா, நம்ம கத கந்தலாயிருக்கும்."

மறுநாள் மூன்றே முக்காலுக்குச் சான்றிதழ் வந்தது. நாலு மணிக்குள் இனியா அதை இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் சைக்கிள் மணி கேட்டது. அடுப்பு ரிப்பேர் பார்க்கும் ரசாக். "பர்னர் அடைப்பு எடுக்கோணும்னீங்களே அக்கா, இன்னைக்குப் பாத்தரலாமுங்களா?"

மாசாணம் எழப்போனார். பழனியாத்தாள் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"புள்ள படிச்சு முடிக்கட்டுங்க தம்பி," என்றாள். "நாலு வருசங் கழிச்சு வாங்க."