மூன்று முறை வராதவர்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கணினிக்காரர்கள் கூடிப் பேசுவது என்று ஆரம்பித்து ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பேச்சு என்றால் மேடை, மைக், மாலை எதுவும் கிடையாது. ஒரு காபிக் கடையின் மாடி, நீள மேஜை, பன்னிரண்டு நாற்காலி, ஆளுக்கொரு லேப்டாப், மேலதிகாரியைப் பற்றிய புலம்பல். அவ்வளவுதான். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்கள் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து மறுபடியும் திரையைப் பார்ப்பார்கள். ஆனால் பக்கத்தில் மனிதர்கள் இருப்பார்கள். அதற்காகத்தான் வந்தார்கள்.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவள் ஒரு டெஸ்டர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை எங்கே என்று தேடுவது அவள் உத்தியோகம். பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் என்ன ஆகும், பாதியில் நெட் போனால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குத் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோருடைய போனுக்கும் அவளிடமிருந்து தானாக ஒரு கேள்வி போகும். 'இந்த வாரம் வர்றீங்களா?' கீழே இரண்டு பொத்தான்: 'வர்றேன்', 'வரலை'.

பன்னிரண்டு பேர் 'வர்றேன்' என்று அழுத்துவார்கள். வந்து சேர்வது ஆறு பேர். மற்ற ஆறு பேருக்கும் அது பொய்யாகவே படாது.

கடைக்காரம்மா ஒருநாள் மாடிப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, கீழ கப்ப கையில வச்சிக்கிட்டு ஆளுங்க நின்னுட்டே குடிக்கிறாங்க. மேல பாதி நாற்காலி ஆளில்லாம கிடக்கு. உனக்கே இது நல்லா இருக்கா?"

டெஸ்டருக்கு மானம் போனமாதிரி இருந்தது. வராதவர்களுக்கு ஒரு போன் போட்டு "ஏங்க வரலை?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் இந்த ஜாதி மனிதர்களுக்கு ஒருவரிடம் நேராக ஒரு வார்த்தை கேட்பதைவிட அதற்கு ஒரு புரோகிராம் எழுதுவது சுலபம். அன்றைக்கே உட்கார்ந்து இருபது வரி எழுதினாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று முறை வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே அழிந்துவிடும். போகிற போக்கில் ஒரு செய்தியும் கிடைக்கும்: 'நீங்கள் மூன்று முறை வரவில்லை. உங்கள் நாற்காலி வேறொருவருக்கு உதவட்டும். நன்றி.' ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் என்று தனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சோதித்துப் பார்த்தாள். எதிலும் ஓட்டை இல்லை. யாரிடமும் முகம் சுளிக்காமல் காரியம் முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த இருபது வரிக்கு முதலில் அகப்பட்டவர் ப்ளக் சார்.

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். ஜன்னலோர நாற்காலி அவருடையது. வரும்போதெல்லாம் பையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவருவார். மாடியில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அவர் பாக்ஸை மாட்டினால்தான் ஐந்து பேர் சார்ஜ் போட முடியும். அதிகம் பேசமாட்டார். ஐந்து வருஷத்தில் அவர் சொன்னதாக எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஒன்றுதான். யாரோ பழைய தகவலை அழித்துவிட்டுத் திண்டாடியபோது, "எதையும் அழிக்காதீங்கப்பா, ஓரமா எடுத்து வைங்க. என்னைக்காவது தேடுவீங்க" என்றார்.

அவர் வராத வியாழன்களில் மேஜையில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. "இன்னைக்கும் ப்ளக் சார் வரலையா? சார்ஜ் போச்சே!" என்றார்கள். சார்ஜுக்குக் கவலைப்பட்ட அளவுக்கு அந்த மனுஷருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டெஸ்டருக்கும் தோன்றவில்லை.

பெயர் அழிந்து ஒரு வாரம் கழித்து, மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். கையில் அந்த பாக்ஸ்.

"ப்ளக் வந்துடுச்சுடா!" என்று ஒருவன் கூவினான். இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்தப் பெண் கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"இங்க அக்கா ஒருத்தங்க நடத்துறாங்களாமே?"

"நான்தான்" என்று டெஸ்டர் எழுந்தாள்.

"நான் அவரோட பொண்ணுக்கா. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. ஆறு வாரம் ஆச்சு. வலது கையும் பேச்சும் போயிடுச்சு."

கைதட்டியவர்களில் ஒருவன் தன் கைகளை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"முதல் ரெண்டு வாரம் கண்ணே திறக்கலக்கா. மூணாவது திங்கக்கிழமை போன் அடிச்சுது. இடது கைய நீட்டி வாங்கி, உங்க கேள்வியப் பார்த்து, 'வர்றேன்'னு அழுத்தினாரு. படுத்த பிறகு அவரா செஞ்ச முதல் வேலை அதுதான். டாக்டரே அசந்துட்டாரு. அப்புறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையிலேயே ஷேவ் பண்ணிவிடச் சொல்லி சைகை காட்டுவாரு. பத்து மணிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு." அவள் பாக்ஸை மேஜைமேல் வைத்தாள். "இந்தத் திங்கக்கிழமை கேள்வி வரலை. சாயங்காலம் வரைக்கும் போனையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம்தான் நான் அந்த மெசேஜைப் பார்த்தேன். அவரு முன்னாடியே படிச்சிருக்காரு. நேத்து இந்த பாக்ஸைக் காட்டி, இங்க குடுத்துடச் சொல்லி கையாலயே சொன்னாரு."

டெஸ்டர் எத்தனை விதமாகச் சோதித்துப் பார்த்தாள்! வர முடியாத ஒருவர், வரவேண்டும் என்ற ஆசையில் அழுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை.

"சண்டை போட வரலக்கா" என்றாள் மகள். "அவரால வர முடியாது. எங்களுக்கும் தெரியும். பேரை மட்டும் திரும்பச் சேர்த்துடுங்க. கேள்வி வந்தா போதும்."

டெஸ்டர் அன்றைக்கே அந்த இருபது வரியைத் தூக்கி எறிந்தாள். பெயரைச் சேர்த்தாள். பொத்தான்களைப் பெரிதாக்கி, நடுங்கும் விரலுக்கு ஏற்றபடி தள்ளித் தள்ளி வைத்தாள். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ப்ளக் சார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முகத்தை மழுமழுவென்று சவரம் செய்துவிட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "சார், நான் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் வந்தது. அவர் இடது கையை லேசாக அசைத்தார். விடும்மா என்கிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. முதலில் வந்தது கேள்வியல்ல. 'வணக்கம்! நம் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வரவேற்கிறோம்!'

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழித்த பெயரோடு அவர் வந்து உட்கார்ந்த ஐந்து வருஷத்து வியாழன்களும் சேர்ந்து அழிந்துபோயிருந்தன. மறுபடி சேர்த்ததும் அவர் இன்றைக்குத்தான் முதல்முதலாக வருகிற ஆளாகிவிட்டார். ஓரமாக எடுத்து வைக்கச் சொன்ன மனுஷரையே அழித்திருக்கிறாள்.

ப்ளக் சார் அதைப் படித்தார். தோள் குலுங்கியது. பயந்துபோய் எழுந்த மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் நன்றாகவே சிரித்தது.

அடுத்துக் கேள்வி வந்தது. 'இந்த வாரம் வர்றீங்களா?'

சிரிப்பு அடங்கியது. இடது கட்டைவிரல் போன் கண்ணாடிமேல் எழும்பி நின்று நடுங்கியது. அவர் திரையைப் பார்த்தார். டெஸ்டரைப் பார்த்தார். விரல் மெதுவாக நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, அழுத்தியது.

'வரலை.'

"அப்பா, தப்பா அழுத்திட்டீங்க" என்று மகள் பதறினாள்.

தப்பில்லை என்று டெஸ்டருக்குத் தெரியும். இரண்டு பொத்தானுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டோம் என்பது அவளுக்குத் தெரியாதா? உங்கள் நாற்காலி வேறொருவருக்கு உதவட்டும் என்று அவள்தானே எழுதியிருந்தாள். அவர் அதை வரி விடாமல் படித்திருக்கிறார். இனி தன்னால் ஒரு நாற்காலி வீணாகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, அழுது முடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளே போன் போட்டுக் கேட்டபோது வருவதாகச் சொன்ன எட்டுப் பேரும் வியாழக்கிழமை வந்தார்கள். டெஸ்டர் முன்கூட்டியே போய் ஒன்பது நாற்காலி போட்டாள். மிச்சம் மூன்றை அவளே தூக்கிக் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஜன்னலோரத்து நாற்காலிக்கு அடியில் பாக்ஸை மாட்டினாள். ஐந்து வயர் அதிலிருந்து கிளம்பி மேஜைக்கு ஏறியது. கைதட்டியவன் தன் வயரை மாட்டிவிட்டு, அந்த நாற்காலியில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

ஆறரை மணிக்குக் கடைக்காரம்மா மூச்சு வாங்க மேலே வந்தாள். கீழே ஒரே கூட்டம். கண்ணை ஓட்டியவள் நேராக ஜன்னல் பக்கம் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினாள்.

"இத எடுத்துக்கறேன்மா. சும்மாதானே கிடக்கு?"

"வச்சிடுங்கம்மா" என்றாள் டெஸ்டர். "அதுல ஆள் இருக்கு."