தேவசேனாவின் கேள்வி

“பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை” என்றார் தண்டாயுதபாணி குருக்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில், சாப்பிட்டீர்களா என்று கேட்ட பெண்ணிடமும் இதையேதான் சொன்னார். சர்ஜன் நடராஜிடமும் இதையேதான். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. பாதி வாழ்க்கையை விரதத்தில் கழித்தவருக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்காரர்களா சொல்லித் தர வேண்டும்?

சோமேஷ் பையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான். மாமனாருக்குப் பித்தப்பையில் கல். ரொம்ப நாளாக வலி. எடுத்துவிடலாம் என்று முடிவானபோது, “தேவா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கறேன்” என்றார். சோமேஷ் மறுக்கவில்லை. அவன் இப்போதெல்லாம் எதையும் மறுப்பதில்லை. போன வருஷம் செங்கம் ரோட்டில் ஒரு லாரி அவன் மனைவி தேவசேனாவின் ஸ்கூட்டரை இடித்தது. அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மின்வாரிய ஆபீசுக்குப் போகிறான், வருகிறான், யாராவது தட்டு வைத்தால் சாப்பிடுகிறான். இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் இன்றுவரை வரவே இல்லை.

தேவசேனா இங்கே மயக்க மருந்து டாக்டராக இருந்தாள். அதை உறவுக்காரர்களிடம் சொல்லக் குருக்களுக்கு எப்போதும் கூச்சம். “டாக்டர்” என்பார். என்ன டாக்டர் என்று கேட்டால், “ஆபரேஷன்ல இருப்பா” என்பார். இன்னும் நோண்டினால் குரலைத் தாழ்த்தி, “ஊசி போட்டுத் தூங்க வைப்பா” என்று முடித்துக்கொள்வார். மகள் சர்ஜன் ஆவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். தேவசேனா அதற்கெல்லாம் சிரிப்பாள். “பேஷண்டுக்கு என் பேர் ஞாபகம் இல்லேன்னா, நான் வேலையை ஒழுங்கா பார்த்திருக்கேன்னு அர்த்தம்ப்பா.”

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் எழிலரசி வந்தாள். பக்கத்து அடி அண்ணாமலைக் கிராமத்துப் பெண். தேவசேனாவின் ஜூனியராக இருந்தவள், இப்போது அவள் இடத்தில் இருக்கிறாள். சோமேஷைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். “வாங்க சார்” என்றாள். துக்கம் விசாரிக்கவில்லை. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குருக்களை வாயைத் திறக்கச் சொன்னாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆடுகிற பல் ஏதாவது உண்டா என்று கேட்டாள். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னாள்.

“என்னம்மா இது, மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கறாப்பல பார்க்கறே?”

“தூங்கும்போது உங்களுக்குப் பதிலா நான்தாங்க மூச்சு விடணும், சாமி. வழி எப்படி இருக்குனு பாத்துக்க வேணாமா?”

“நான் பச்சைத் தண்ணிகூட...”

“அது சரிங்க. நான் சாப்ட்டீங்களானு கேக்கலை. காலைலேர்ந்து வாயில என்னென்ன போச்சு? தீர்த்தம், பிரசாதம், விபூதி, வெத்தல, மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

குருக்கள் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “பிரசாதம் எப்படிம்மா சாப்பாட்டுல சேரும்?”

“எவ்வளவுங்க?”

“ஆத்துல சிவபூஜை பண்ணாம நான் வாசப்படி தாண்டறதில்லை. பூஜைன்னா நைவேத்தியம் உண்டு. அதை ஒதுக்கறது அபசாரம்.”

“எவ்வளவுங்க, சாமி?”

அவர் வலது உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, இடது கையையும் அதோடு சேர்த்தார்.

“பொங்கலா?”

“வெண்பொங்கல். நெய் கொஞ்சம் ஜாஸ்தி.”

எழிலரசி எழுந்துவிட்டாள். “இன்னைக்கு ஆபரேஷன் கெடையாதுங்க. நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்.”

விஷயம் கேள்விப்பட்டு நடராஜ் வந்தார். நல்ல சர்ஜன், ஆனால் அவசரக்காரர். “எழில், ரெண்டு வாய் பொங்கல். டியூப் விட்டு எடுத்துடலாமே?”

“நெய்ப் பொங்கல் டியூப்ல ஏறாது சார். தூங்க வெச்சதும் தொண்டையும் தூங்கிடும். வயித்துல இருக்கறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். உயிர் போற அவசரம்னா துணிஞ்சு செய்யலாம். இது அப்படி இல்ல.”

“பெரிய மனுஷர். நாள் பார்த்து வந்திருக்கார்.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

குருக்களின் முகம் சிவந்துவிட்டது. நாளைக்குக் கரிநாள். இன்று விட்டால் நல்ல நாள் எப்போது வருமோ. அவர் சோமேஷ் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. தேவாவோட இருந்தவ. நீங்க சொன்னா தட்ட மாட்டா.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எழிலரசியும் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை, ஆனால் களைப்பு இருந்தது. அந்தக் களைப்பு சோமேஷுக்குப் பழக்கமானது. சில சாயங்காலங்களில் தேவசேனா அதோடுதான் வீட்டுக்குள் நுழைவாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இன்னிக்கு ஒருத்தர் ஆபரேஷனை நிறுத்திட்டேன். கன்னாபின்னானு திட்டினார்” என்பாள். அவன் அனுதாபமாக ஏதாவது சொல்ல வருவான். “திட்டட்டும், சோமு. நாளைக்கும் திட்டறதுக்கு இருப்பார்.”

“டாக்டர் சொல்றபடி செய்யலாம்” என்றான் சோமேஷ்.

குருக்கள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. விலாவுக்குக் கீழே வழக்கமான வலி வந்தது. குருக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் ஜோதியம்மாள் ஓடி வந்து தட்டைப் பிடித்தாள். மொத்தமும் வெளியே வந்தது. பொங்கல் பொங்கலாகவே இருந்தது. முழு மிளகு, பாதி முந்திரி, நெய் மினுமினுப்பு. இருமி, தும்மி, கண்ணில் நீர் வழிய, அவர் நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

சோமேஷ் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். விழித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கே இந்தப் பாடு. எழிலரசி நிறுத்தியிருக்காவிட்டால் இந்நேரம் இவர் மல்லாந்து, நினைவில்லாமல், மேஜைமேல் கிடந்திருப்பார்.

சத்தம் கேட்டு எழிலரசியோடு வந்த நடராஜும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஸாரி எழில்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குருக்கள் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். பிறகு எழிலரசியிடம் கேட்டார். “அவா எல்லாரும் சாப்ட்டேளான்னுதான் கேட்டா. உனக்கு மட்டும் எப்படிம்மா அந்த மாதிரி கேக்கத் தோணித்து?”

எழிலரசி சோமேஷை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். “எனக்குத் தோணலைங்க, சாமி. அது மேடம் கேள்வி.”

“தேவாவா?”

“நான் சேர்ந்த புதுசுல சாப்ட்டீங்களானுதான் கேப்பேன். மேடம் ஒரு நாள் பிடிச்சு நிறுத்துனாங்க. ‘இந்த ஊர்ல அப்படிக் கேட்டா பதில் வராது. எங்கப்பாவையே படுக்க வெச்சுக் கேட்டுப் பாரு. பச்சைத் தண்ணி பல்லுல படலைம்பார். வயித்துல அரைப்படி பொங்கல் இருக்கும்’னாங்க. அதுலேர்ந்து நாங்க மயக்க மருந்து டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான் கேக்கறோம்.”

குருக்கள் வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கம் கோணி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. “அரைப்படி இல்லை” என்றார். “போக்கிரி.”

மறுநாள் கரிநாளிலேயே ஆபரேஷன் நடந்தது. குருக்கள் நாள் பற்றி வாய் திறக்கவில்லை. சோமேஷ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதலில் நடராஜ் வந்தார். “முடிஞ்சுது. நல்லா இருக்கார்” என்று கைகொடுத்தார். பக்கத்தில் இருந்த பெரியவர், “அதான் முடிஞ்சுதாமே, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்” என்றார்.

“இன்னும் முடியலைங்க” என்றான் சோமேஷ்.

ஆபரேஷன் எப்போதோ முடிந்துவிட்டதே, வர ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் எத்தனை நாள் தேவசேனாவிடம் போனில் கேட்டிருக்கிறான். “கத்தி வேலை முடிஞ்சுது. என் வேலை முடியலை” என்பாள். அது எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான். கதவு திறந்து டிராலி வந்தது. தலைமாட்டில் எழிலரசி. ஒரு கையால் குருக்களின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கண் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. “சாமி, கண்ணைத் தொறங்க. நல்லா மூச்சு இழுங்க. அப்படித்தான். இன்னொரு தபா.” குருக்களின் இமை பிரிந்தது. அவர் அவளைப் பார்த்து ஏதோ முனகினார். வலிக்கிறதா என்று கேட்டாள். கம்மிதான் என்பதுபோல் தலையசைத்தார். அதன் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

இந்த வேலையைத்தான் தேவசேனா செய்தாள் என்று சோமேஷ் நினைத்தான். நாள் தவறாமல், யாரும் பார்க்காமல். ஊரில் எத்தனை பேர் இன்று நடமாடுகிறார்கள், அவள் பெயர் தெரியாமலே. நெஞ்சுக்குள் மரத்துக் கிடந்த இடத்தில் சுருக்கென்று ரத்தம் ஓடியது. வலித்தது. நன்றாகவும் இருந்தது. அவன் பெரியவர் பக்கம் திரும்பினான்.

“என் மனைவி இங்க மயக்க மருந்து டாக்டரா இருந்தாங்க” என்றான். யாரும் கேட்காமல் அவனாகச் சொன்ன வார்த்தை. இன்னும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னான். பெரியவர் தம் மகளின் ஆபரேஷனுக்காகக் காத்திருந்தவர். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார்.

குருக்கள் தேறி, மறுபடி கோயிலில் தம் பூஜை முறைக்குப் போகத் தொடங்கிய பிறகு, சோமேஷ் ஒரு நாள் காலையில் அண்ணாமலையார் சன்னிதிக்குப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு பெண், புருஷனோடு.

“இவரு பேருக்கு அர்ச்சனைங்க, சாமி. நாளைக்குக் காலைல ஆபரேஷன்.”

அர்ச்சனை முடிந்தது. விபூதி கொடுத்தார் குருக்கள். தேங்காய் பழத்தட்டோடு, பொங்கல் தொன்னையையும் நீட்டியவர், சட்டென்று கையை நிறுத்தினார்.

“இதை இன்னிக்குச் சாப்பிடட்டும். நாளைக்குக் காலம்பற அவர் வாயில ஒண்ணும் போகக் கூடாது. பிரசாதமும் கூடாது, இந்த விபூதியும் கூடாது. ஆபரேஷன் ஆகி, டாக்டர் சொன்னப்புறம் குடுங்கோ.”

“பிரசாதம்கூடவா, சாமி? யாருங்க அப்படிச் சொன்னது?”

“என் பொண்ணு” என்றார் குருக்கள். “மயக்க மருந்து டாக்டர்.”

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும்.