லாண்ட் ரோவருக்குப் பதிலாக

ரானுயிப் புறநகரில் சற்குணம் வைத்திருக்கும் பழைய வண்டிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லாண்ட் ரோவர் பித்துப் பிடித்தவர்கள். பெட்டி மாதிரி உடம்பு, உருண்டை விளக்கு, பின்கதவில் தொங்கும் சக்கரம், அதுதான் வேண்டும் என்பார்கள். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய முகங்களை நம்பித்தான் சற்குணம் கடையே நடத்துகிறார். "அது கிடக்கட்டும், அதுக்குப் பதிலா ஒண்டு காட்டுறன், வாங்கோ" என்று பின்பக்கம் அழைத்துப் போவார்.

இந்த மாதம் அங்கே நின்றது பச்சை நிற ஜப்பான் ஜீப். அதன் கூரைக்கு வெள்ளையடித்து, பின்கதவில் சக்கரத்தை மாட்டி, லாண்ட் ரோவரின் சித்தப்பா மகன் போல ஆக்கிவிட்டவன் மெக்கானிக் பழனிவேல். திண்டுக்கல்காரன். அடியில் துருவை மறைத்துக் கறுப்புப் பெயின்ட் பூசியவனும் அவனேதான். முந்தைய சொந்தக்காரன் கடற்கரை மணலில் ஓட்டு ஓட்டென்று ஓட்டியதில் உப்பு ஏறி, வண்டியைத் தாங்கும் சேஸிஸ் அரித்துப் போயிருந்தது. "பூசு" என்றார் சற்குணம். பூசினான்.

பூசாமல் என்ன செய்வான், பாவம்? அவனுடைய விசா இந்தக் கடையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாடே போயிற்று. ஊரிலிருக்கும் மனைவி சிந்துவும் ஆறு வயது மகள் ஸ்ருதியும் இங்கே வர வேண்டுமென்றால், வேலை உறுதி என்று சற்குணம் ஒரு கடிதம் தர வேண்டும். 'அடுத்த கிழமை தாறன்' என்று அவர் சொல்லத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. அவன் படுப்பதும் அவர் வீட்டுப் பின்னறையில்தான். சாப்பாட்டில் மனுஷன் ஒரு குறையும் வைக்கமாட்டார், அதையும் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை நகருக்குள்ளிருக்கும் எப்சமிலிருந்து யசீகரனும் அவன் மனைவி பிரசாந்தியும் வந்தார்கள். பச்சை ஜீப்பைக் கண்டதுமே யசீகரன் சொக்கிவிட்டான். பானெட்டைத் தடவினான், சக்கரத்தை உதைத்தான், ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மனமில்லாமல் இருந்தான். பிரசாந்தி கதவுகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

"ரெண்டு சின்னப் பிள்ளையளை ஏத்திக்கொண்டு போற வாகனம், அண்ணை. கீழ எல்லாம் நல்லா இருக்கோ?"

சற்குணத்துக்கு வியாபாரத்தை முடிக்கும் அவசரம். "நான் சொன்னால் யாவாரி கதைக்கிறான் எண்டுவீங்கள். இந்தத் தம்பியிட்டக் கேளுங்கோ. அவனுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. பிள்ளை மேல சத்தியம் பண்ணிச் சொல்லுவான். என்ன தம்பி?"

மூன்று பேரும் பக்கத்தில் நின்ற பழனிவேலைப் பார்த்தார்கள்.

பொய் அவனுக்குப் புதிதில்லை. இந்தப் பதினாலு மாதத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறான். ஆனால் பிள்ளை மேல் சத்தியமா? போனில் ஸ்ருதி தும்மினாலே அன்றைக்கெல்லாம் வேலை ஓடாது அவனுக்கு. சத்தியம் பண்ணாவிட்டால் அவள் இங்கே வர முடியாது. பண்ணினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். சட்டென்று ஒரு குறுக்கு வழி தோன்ற, கையைத் தன் உச்சந்தலையில் வைத்தான்.

"என் மேல சத்தியமா சொல்றேங்க. நல்ல வண்டி."

"பிறகென்ன!" என்றான் யசீகரன்.

பிரசாந்தி கதவைச் சாத்தினாள். "வாங்கோ, போவம்."

"ஏனப்பா? அவர்தான் சத்தியம் பண்ணிப்போட்டாரே."

"பிள்ளை மேல கேட்டால் தன்ர தலையில பண்ணுறார். உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையே?"

சொல்லிவிட்டுப் பழனிவேலைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு சற்குணம் கத்தவில்லை. தோளில் கை போட்டார்.

"பரவாயில்லை, தம்பி. வாற சனி வேற ஒரு குடும்பம் வருது. இதே வாகனத்துக்குத்தான். அண்டைக்கு ஸ்ருதியின்ர பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணு. கையோட கடிதத்தில சைன் வைக்கிறன். இல்லையெண்டால் நீ ஊருக்குப் போய் அவவைப் பாக்கலாம்."

அவர் உள்ளே போய்விட்டார். பழனிவேல் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஓட முடியாது. மறுக்கவும் முடியாது. ஆனால் வண்டியை மாற்றலாமே! சத்தியம் உண்மையாகிவிட்டால் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஏழு நாள் இருக்கிறது. அரித்த பகுதியை வெட்டி எறிந்து, புது இரும்பை வைத்து வெல்டு பண்ணினால் போதும். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

சுத்தியலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். புது இரும்பு பிடித்து நிற்க, பழைய இரும்பு கொஞ்சமாவது கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டி எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்துப் பக்கம் தட்டினான். பெயின்ட் உடைந்து துரு முகத்தில் கொட்டியது. ஒரு சாண் தள்ளித் தட்டினான். சுத்தியல் உள்ளே போயிற்று. நடுவில் தட்டினான், பின்னால் தட்டினான், மறுபக்கம் ஊர்ந்து போய்த் தட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஸ்ருதி, ஸ்ருதி" என்று சொல்லிச் சொல்லித் தட்டினான்.

கோடு போட ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.