மெதுவாக அறுத்த ஏழுமலை

ஏழுமலை அன்று வேண்டுமென்றே மெதுவாக அறுத்தான். ஆண்டர்சன்பேட்டைக்கு அந்தப் பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில் அதுதான் கடைசி நாள் அறுப்பு. விடிந்தால் கூலிக்கு அறுக்க வந்த கூட்டம் குடியாத்தத்துக்கு மலையிறங்கிவிடும், அவன் ஆசைப்பட்ட வெங்கடம்மாவும்தான். தை பிறந்ததும் அவளை அண்ணன் எவனுக்காவது கட்டி வைத்துவிடுவான்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொண்டு வரிசையாக அறுப்பார்கள். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, பின்தங்கிய ஒருவனுடைய பங்கில் அரிவாளை வைத்தால் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அண்ணனாவது தம்பியாவது, யாரும் மறுத்துப் பேச முடியாது. வாயால் கேட்க மட்டும் ஏழுமலைக்கு வராது. மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் கூண்டேறிப் பாதாளத்துக்குப் போய்வருகிற சூரன், பக்கத்துப் பங்கில் நின்ற வெங்கடம்மாவை நிமிர்ந்து பார்க்கப் பயந்தான். ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு அறுப்புக்கு வந்ததே அவளுக்காகத்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. அவன் பின்தங்கியதைப் பார்த்து இரக்கப்பட்ட ரத்தினம்மா, கூட்டத்துக்கே பெரியவள், இந்தப் பக்கம் நாலு பிடி அறுத்தாள். அவள் புருஷன் அந்தப் பக்கம் நாலு பிடி அறுத்தான். பிறகு கல்யாணமானவர்கள் ஆளாளுக்கு வந்தார்கள். சுரங்கத்து இருட்டில் பையனுக்குக் கை செத்துப்போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். உச்சிவேளைக்குள் அவன் பங்கில் வெங்கடம்மா அரிவாள் வைக்க ஒரு தாள்கூட மிச்சமில்லை. ஏழுமலைக்கு அழுகையே வந்தது. இத்தனை நல்ல மனுஷர்களை எப்படித் திட்டுவது?

அப்போது வெங்கடம்மா அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். அவள் பங்கு பாதி அறுக்காமல் நின்றது. காலில் முள்ளா என்று கேட்டபடி ரத்தினம்மா அங்கேயும் கிளம்பினாள்.

“யாரும் கை வெக்காதீங்க” என்றாள் வெங்கடம்மா. “அத அவரு அறுக்கட்டும்.”

பெண் தன் பங்கை ஆணுக்கு விடுகிற வழக்கம் அதுவரை இல்லை. ஏழுமலை குனிந்தான். பார்க்கிறார்களே என்ற நினைப்புகூட இல்லாமல் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் அத்தனையையும் சாய்த்தான். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. ரத்தினம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவனை ஆசை தீரத் திட்டினாள்.

கடைசிப் பிடியோடு வரப்பருகே வந்து நின்றான்.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா இத்தினி பேருக்கு இடுப்பு வலிச்சிருக்காது” என்றாள் வெங்கடம்மா. “இப்பவாவது கேளுய்யா.”

கூட்டம் முழுவதும் காது கொடுத்து நிற்க, திக்கித் திக்கி, கேட்டான்.